பத்தாயப்புரைப் படக்காரர்

அவருக்குப் பேர் இல்லாமல் இல்லை. சாமியார் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த நல்ல பேர் ஒன்று உண்டு. கோர்ட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். பாறசாலையிலும் கொல்லயிலிலும் நெய்யாற்றின்கரையை ஒட்டிய ஊர்களிலும் எல்லாருக்கும் அவர் படக்காரர்தான். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பேரும் இருந்தது: எருத்தில் போட்டோ. எருத்தில் என்று எங்கள் பக்கத்தில் மாட்டுத் தொழுவத்தைச் சொல்வோம். அவர் எடுத்த ஒரு படத்தில் என் தம்பியின் கழுத்தும் என் கழுத்தும் ஒன்றாக மாட்டிக்கொண்டன. அதனால் இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதரை என்னால் லேசாக நினைத்துவிட முடிவதில்லை.

மற்ற படக்காரர்கள் ஆட்களைப் படம் எடுப்பார்கள். இவர் நெல் கொட்டி வைக்கிற மரப்பத்தாயம் இருக்கிற தனிவீடான பத்தாயப்புரை, மாட்டுத் தொழுவம், வைக்கோல் கொட்டகை இவற்றைத்தான் எடுப்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவார், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாகக் காத்து நிற்பார்கள். இவர் வீட்டுக்குப் பின்னால் போய்த் தொழுவத்துக்கு முன்னால் மூன்றுகால் ஸ்டாண்டை நட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் பெரிய பெட்டிக் கேமரா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான், வேறு போக்கில்லை.

படம் எடுக்கிற இடத்தில் எதையும் நகர்த்தக்கூடாது என்பது அவருடைய சட்டம். உடைந்த முறம் கிடந்தால் அது கிடக்க வேண்டும். கொடியில் கோவணம் காய்ந்தால் அதுவும் காய வேண்டும். கோழி குறுக்கே போனால், போய் முடியும் வரை காத்திருப்பாரே தவிர விரட்டமாட்டார். வீட்டுக்காரி ஓடி வந்து எதையாவது எடுத்து மறைக்கப் போனால் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து சத்தம் வரும்: "கெடக்கது கெடக்கட்டு." நான் அவரிடமிருந்து கேட்ட பேச்சில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான்.

ஒருதடவை ஒரு பெரிய வீட்டில் அவர் வருகிறார் என்று தெரிந்து, பத்தாயப்புரைக்கு வெள்ளையடித்து, மாவிலைத் தோரணம் கட்டி, குடும்பத்து மூத்தவரான காரணவர் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படக்காரர் வந்தார், பார்த்தார், ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போய்விட்டார். காரணவருக்குத் தாங்க முடியாத கோபம். மூன்று நாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத காலையில் வந்து, அதே காரணவர் இடுப்பில் துண்டோடு சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இவரைக் கண்டு அதே வாசலில் திகைத்து நின்றபோது எடுத்துவிட்டார். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது காரணவர் அதை வாங்க மறுத்தார். ஆனால் அந்த வீட்டு அம்மா பின்வாசல் வழியாக ஆளனுப்பி வாங்கிக்கொண்டாள், இன்றைக்கும் அந்த வீட்டில் காரணவருடைய படம் என்று அது ஒன்றுதான் இருக்கிறது.

அவருக்குச் சொந்தமாக ஒரு பிடி வயல் கிடையாது. பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர், கொழும்பில் ஏதோ ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து தொழிலைப் படித்தவர். கடற்கரையில் இல்லாத பத்தாயத்தின் மேல் அவருக்கு என்ன இத்தனை மோகம் என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இல்லாததினாலத்தான் டீச்சரே," என்றார். "எங்க கரையில அண்ணைக்குப் பிடிச்ச மீன அண்ணைக்கே வித்துரணும். நாளைக்குள்ள சோறுண்ணு ஒண்ணு எங்க வீட்டுல இருந்ததில்ல. நிங்க அதுக்குண்ணு ஒரு வீடு கெட்டி, கதவு வச்சு, பூட்டும் போட்டு வச்சிருக்கிய. எனக்கு இப்பளும் அதிசயமாக்கும்."

எங்களுக்கு அது எலி வருகிற இடம், பொடி மூக்கில் ஏறித் தும்ம வைக்கிற இடம். அவர் அதற்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

படம் பதிய எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்கு அவரிடம் கடிகாரம் இல்லை. ஜெபம்தான் கணக்கு. நல்ல வெயிலில் என்றால் அருள் நிறைந்த மரியே பாதி வரை. நிழல் என்றால் முக்கால். புரைக்குள் இருட்டும் பதிய வேண்டும் என்றால் முழு ஜெபம், நிதானமாக, ஆமென் வரைக்கும். துணிக்கு வெளியே தலையை நீட்டி, கேமராக் கண்ணின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசையச் சொல்வார். அந்த நேரத்தில் அசைந்த மனிதர்கள் படத்தில் புகையாகப் போவார்கள். அசையாமல் நின்றவர்கள் அப்படியே பதிவார்கள். நான் இதைத் தெரிந்து வைத்திருந்தும் ஒருநாள் அசையாமல் நின்றுவிட்டேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் ஏன் அவரைக் கண்டு பயந்தேன் என்பது புரியாது. மழை பொய்த்த ஒரு வருஷம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். புரைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே பத்தாயத்தின் பலகைகளைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஒரு மணி நெல் கிடையாது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். கதவை மட்டும் சாத்திக்கொள்கிறேன் என்று அந்த அம்மா கெஞ்சியிருக்கிறாள். இவர் வழக்கமான அந்த இரண்டு வார்த்தையையே சொன்னார். அவர் கடைகளுக்குக் கொடுத்த படங்களோடு இதுவும் பாறசாலைச் சந்தையில் ஒரு சாயாக்கடைச் சுவருக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டு, சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் அமைய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் படக்காரர் தன் படங்களைக் கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கதவைச் சாத்தச் சொல்ல ஆரம்பிக்கவில்லை. அந்த அம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அவள் வீட்டில் அவர் பேரை எடுத்தாலே காறித் துப்புவார்கள்.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்பும் நடந்துகொண்டிருந்தன. ஒரே தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிய இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்பக்கமாக மரச்சீனிக்கிழங்கு விளைக்குள் இறங்கி ஒளிந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் கேமராவும் கையுமாக வீடு வீடாகப் போகிறவரை யார் நம்புவார்கள்? மலையாளத்துக்காரர்கள் அவரைத் தமிழ்க் கட்சிக்கு வேவு பார்க்கிறவர் என்றார்கள். எங்கள் ஆட்கள் அவர் போலீஸுக்கு ஆள் காட்டுகிறவர் என்றார்கள். எந்தப் பக்கம் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களிடம், பத்தாயத்துக்கு ரெண்டு பாஷையிலயும் பத்தாயம்ண்ணுதான பேரு என்று சொல்லிவிட்டு நடப்பார். இரண்டு பக்கத்துக்கும் அது பிடிக்கவில்லை.

நான் அப்போது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அப்பா போனபின் வீடு என் சம்பளத்திலும் தம்பியின் விவசாயத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள், பிள்ளைகளை மலையாள வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கு ரத்தம் கொதித்தது. கூட்டம் போட, கொடி பிடிக்க என்னால் முடியாது, சர்க்கார் வேலை. அதனால் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். நாகர்கோவிலில் அச்சாகி வரும் கட்டுகளை எங்கள் பத்தாயத்தில் நெல்லுக்கு அடியில் புதைத்து வைத்து, ஆள் வரும்போது எடுத்துக் கொடுத்தேன். தம்பிக்குக்கூட முதலில் சொல்லவில்லை. தம்பிக்கு அப்போது போராட்டத்தில் அக்கறையே கிடையாது, அவனுக்கு அவனுடைய வாழையும் காளையும் போதும்.

ஆடி மாதம் நிறை நாள் வந்தது, ஊருக்கெல்லாம் அது ஒரே நாள். முதலில் விளைந்த கதிரைக் கொண்டுவந்து, ஆலிலையும் மாவிலையும் சேர்த்துக் கட்டி, பத்தாயப்புரை வாசலின் மேல்கட்டையில் தொங்கவிடுவோம். போன வருஷத்துக் கதிரை அவிழ்த்து வாசற்படியில் வைத்துவிடுவோம். சாயந்திரம் விளக்கேற்றுவதற்குள் அதைப் பசுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். பழைய கதிர் படியில் கிடக்கிற நாள் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

அன்று காலையில் படக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து களத்தில் ஸ்டாண்டை நட்டார். தம்பி ஏணியில் ஏறிக் கதிரைக் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா விளக்குமாறும் கையுமாக ஓடிவந்து படியில் கிடந்த பழைய கதிரை ஒதுக்கப் போனாள், காய்ந்து உதிர்ந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று. கறுப்புத் துணிக்குள்ளிருந்து வழக்கமான சத்தம் வந்தது. அம்மா முனகிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் புரைக்குள்ளே இருந்தேன். முந்தின நாள் வந்த நோட்டீஸ் கட்டை அன்று காலையிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. நெல்லைத் தோண்டி எடுத்து, தூசி தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே மூன்று கால். கையில் மூடியோடு படக்காரர், உதடு அசைகிறது. அடுத்த வாரக் கடையடைப்புக்கான நோட்டீஸ், பெரிய எழுத்துத் தலைப்பு வெளிப்பக்கம் பார்க்க என் கையில் இருந்தது. ஓடியிருந்தால் புகையாகப் போயிருப்பேன். பயந்துபோய் அப்படியே நின்றேன், முழு ஜெபமும் முடிகிற வரை நின்றேன். மூடியைப் போட்டபின் அவர் என்னை ஒருதடவை பார்த்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு, அதே காலை நேரத்தில், பாறசாலைக்கு அப்பால் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். கல்லெறியில் ஒரு போலீஸ்காரருக்கு மண்டை உடைந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள் ஜீப் வந்து தம்பியை வயலிலிருந்து, கையில் சேறோடு பிடித்துக்கொண்டு போயிற்று. அவனைப் போல இருந்த யாரையோ பார்த்தவர்கள் அவன்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். கொலை முயற்சி வழக்கு. வக்கீலிடம் போனோம். அன்று காலை அவன் வீட்டில்தான் இருந்தான் என்று அம்மாவும் அக்காவும் சொன்னால் கோர்ட்டு நம்பாது, வேறு சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருஷம் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அம்மாதான் சட்டென்று நிமிர்ந்து, படக்காரர் வந்தாரே என்றாள்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். ஓலைப்பெட்டியில் வைக்கோல் விரித்து, அதில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை முட்டை அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருந்தார். எங்கள் புரையின் தகட்டையும் அதிலிருந்து போட்ட பிரதியையும் எடுத்து, பிரதியை வெளிச்சத்தில் வைத்தார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஏணியின் மேல் தம்பி, முடிச்சில் கை வைத்தபடி அசையாமல், முகம் பாதி திரும்பி, யாரும் மறுக்க முடியாத தெளிவாக இருந்தான். கொஞ்சம் கீழே பார்த்தேன். வாசல் இருட்டில் நான். பாதி முகம்தான், ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கையில் கட்டு. அவர் நீட்டிய பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலைப்பையும் அதன் கீழே தேதியையும் வருஷத்தையும் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க முடிந்தது.

போராட்டத்துக்கு நோட்டீஸ் கடத்துகிற சர்க்கார் டீச்சருக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கெஞ்சினேன். தம்பி இருக்கட்டும், என்னை மட்டும் சுரண்டி எடுத்துவிடச் சொன்னேன். தகட்டில் கத்தி முனையால் நாலு கோடு இழுத்தால் இருட்டோடு இருட்டாகப் போய்விடுவேன். கொழும்பில் படித்தவருக்கு அது பெரிய வேலையா?

"டீச்சரே, கதிரப் பாத்தியளா?" என்று கேட்டார். "படியில பழைய கதிர் கெடக்கு, அது இது நிறை நாளுண்ணு சொல்லும். கெழக்க பாத்த செவுத்துல வெயில் கெடக்கு, அது காலத்தேண்ணு சொல்லும். இது இந்த வருஷத்து நிறைதான்ண்ணு எது சொல்லும்? போன வருஷமும் உங்க தம்பி இதே ஏணியில ஏறித்தான கெட்டினான்?"

நான் மறுபடியும் குனிந்து படியில் கிடந்த கதிரைப் பார்த்தேன்.

"உங்க கையில உள்ள கடுதாசி ஒண்ணுதான் சொல்லும். அதச் சுரண்டினா வருஷம் போச்சு. பின்ன அவனும் போனான்."

கட்டு இருக்கட்டும், என் முகத்தை மட்டுமாவது எடுங்கள் என்றேன். ஒரு இடத்தில் கத்தி பட்டது தெரிந்தால் மொத்தப் படமும் பொய் என்று சர்க்கார் வக்கீல் சொல்லிவிடுவார் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது. கதவைச் சாத்த விடாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த ஆள்தானே நீர் என்று கேட்டேன். மரியாதை எல்லாம் போய்விட்டது. அவர் முகம் கறுத்தது. பிறகு அந்தத் தகட்டை ஒரு பழைய துண்டில் சுற்றி, எடுத்த ஒரே பிரதியையும் மேலே வைத்து என் கையில் கொடுத்தார்.

"ஒடைக்கணுமுண்ணா டீச்சரே ஒடைச்சுக்கிடுங்க. அது உங்க இஷ்டம். எனக்க கையால சுரண்ட மாட்டேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. கிணற்றடியில் துணி துவைக்கிற கல் இருந்தது, அதன் மேல் ஒரு தட்டு, அவ்வளவுதான். இப்போது வயசாகிவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறேன்: அன்று பகல் முழுவதும் அதை உடைக்கத்தான் ஆசைப்பட்டேன். தம்பிக்கு வேறு சாட்சி கிடைக்கும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சம்பளம் நின்றால் அம்மாவுக்கு யார் என்று நியாயம் பேசினேன். மூன்று தடவை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போனேன். மூன்றாம் தடவை அம்மா பின்னாலிருந்து, லாக்கப்பில் அவனுக்குச் சோறு போட்டிருப்பார்களா என்று கேட்டாள். தகட்டைக் கொண்டுபோய்ப் பத்தாயத்தில் நோட்டீஸ் புதைத்த இடத்தில் நெல்லுக்குள் வைத்து மூடினேன்.

அன்று சாயந்திரம்தான் தெரிந்தது, எங்களுக்குச் சாட்சிப் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு காலையிலேயே போலீஸ் படக்காரர் வீட்டுக்குப் போய் ஓலைப்பெட்டிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று. தகடு எங்கே என்று கேட்டிருப்பார்கள், அவர் பொய் சொல்ல மாட்டார், ஜீப் இப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜீப் வரவில்லை. பிற்பாடு அவரிடம் கேட்டபோது, உள்ளதெல்லாம் காட்டச் சொன்னார்கள், உள்ளதெல்லாம் காட்டினேன், இல்லாததைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை என்றார். அவருடைய எத்தனையோ வருஷத்துப் படங்கள் அந்தப் பெட்டிகளோடு போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஜீப்பில் ஏற்றும்போதே பாதி நொறுங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் தகட்டையும் பிரதியையும் கொண்டுபோய் நானே வக்கீலிடம் கொடுத்தேன்.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் அன்று நிற்க இடமில்லை. படக்காரர் துவைத்த வேட்டி கட்டி, கூண்டில் ஏறி நின்றார். எவ்வளவு நேரம் வெளிச்சம் விட்டீர் என்று கேட்டதற்கு, ஒரு முழு அருள் நிறைந்த மரியே என்றார். சிரித்தவர்களை மாஜிஸ்ட்ரேட் அதட்டினார். படத்தின் பின்னால் தேதியை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்றார் சர்க்கார் வக்கீல். படக்காரர் தேதியைப் பற்றி ஒன்றும் பேசாமல் படத்தில் வாசற்படியில் கிடந்த கதிரைக் காட்டினார். மாஜிஸ்ட்ரேட்டும் ஏதோ வயல் உள்ள வீட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். எந்த வருஷத்து நிறை என்று அடுத்த கேள்வி வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டு நோட்டீஸை வாசிக்கச் சொன்னார்கள். அவர் தலைப்பையும் தேதியையும் வருஷத்தையும் உரக்க வாசித்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். தம்பி பிழைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சர்க்கார் வக்கீலுக்கும் தெரிந்துவிட்டது. அவர் படத்தைக் கையில் எடுத்து, படக்காரரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஈ கடலாசும் பிடிச்சு நிக்குன்ன ஸ்த்ரீ ஆரா?"

இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் யார்? படக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும், சர்க்கார் வக்கீலுக்கும் யாரோ சொல்லித்தான் வைத்திருந்தார்கள். படக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வாயைத் திறந்தார்.

நான் எழுந்து நின்று, அது நான்தான் என்றேன்.

அதில் வீரம் ஒன்றும் கிடையாது. அவர் வாயால் என் பேர் வந்தால் அப்புறம் ஆயுசுக்கும் அவரை வெறுக்க வேண்டியிருக்கும். அதைவிட என் வாயாலேயே வந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. தம்பியை விட்டார்கள். என்னைப் பிடித்தார்கள். பதினைந்து நாள் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது வேலை போயிருந்தது.

கடைசியில் எல்லைக் கோடு எங்கள் வீட்டுக்குத் தெற்கே விழுந்தது. எங்கள் பத்தாயம் கேரளத்தில் நின்றுவிட்டது. யாருக்காக நோட்டீஸ் எழுதினேனோ அந்தப் பிள்ளைகளில் பலர் மலையாள வகுப்பில் உட்கார்ந்தார்கள். தம்பி தன் வாழைக்கும் காளைக்கும் திரும்பிப் போய், என் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் ரொம்ப நாள் தவித்தான்.

நான் வெளியே வந்த பிறகு ஆட்களின் கண்ணில் படவே பிடிக்காமல் பகலெல்லாம் அந்தப் பத்தாயப்புரைக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். பார்க்க வருகிறவர்களின் பரிதாபத்தைவிட எலி பரவாயில்லை. ஒருநாள் முற்பகலில் களத்தில் மூன்று கால் ஊன்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், படக்காரர். எல்லாத் தகடும் போனபின், கொழும்பில் இருந்த சிநேகிதனுக்கு எழுதி இரண்டு புதுத் தகடு வரவழைத்திருந்தார். நான் வாசலுக்கு வந்து, இருட்டிலேயே நின்றேன். துணிக்குள் குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"அண்ணைக்கு என்னத்துக்கு எழும்பினிய?" என்று கேட்டார். "அறியாதுண்ணு சொல்லத்தான் நான் வாயத் தொறந்தேன்."

அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். பொய்யே சொல்லாத மனிதர் சொன்னதால் நம்பத்தான் வேண்டும். ஆனால் நம்பினால், எனக்காக அவர் ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு அந்தக் கூண்டில் நின்றிருந்தார் என்று ஆகிறது. வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அவர் பார்க்காத மாதிரி மறுபடியும் துணிக்குள் குனிந்தார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வழக்கமான இரண்டு வார்த்தையை எதிர்பார்த்து நின்றேன்.

"மக்களே, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

மக்களே என்று எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைத்தான் கூப்பிடுவோம். அதுவரை அவர் என்னை டீச்சரே என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ஒரு முறத்தைக்கூட நகர்த்தச் சொன்னவரில்லை. நான் படியைத் தாண்டி வெயிலில் வந்து நின்றேன். அவர் மூடியைக் கழற்றினார், உதடு அசைந்தது. அந்த வெயிலுக்குப் பாதி ஜெபம் போதும் என்று எனக்கே தெரியும். அவர் ஆமென் வரைக்கும் சொன்னார்.